பதிவேட்டில் ஏறிய கை நீளம்

எங்கள் பக்கத்துக் கிளைச்சிறையில் இளவட்டங்கள் கூடிக்கொண்டே போகிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது தக்காளிச் சோறுதான். எந்த ஊர்க் கிளைச்சிறை என்று எழுத மாட்டேன். அங்கே இருந்த சூப்பிரண்டு நல்ல மனிதர். இப்போது ஓய்வுபெற்று நிம்மதியாக இருக்கிறார் என்று கேள்வி. அந்த நிம்மதியை நான் கெடுப்பானேன்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பங்குக் கோயிலின் மகளிர் குழு, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அந்தச் சிறைக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்தது. அடிப்பிடிக்காமல் சோறு வடிப்பேன் என்ற ஒரே தகுதியில் நான் தலைவி ஆனேன். முதல் வருஷம் ஒரு குண்டான் சோறு கொண்டுபோனோம், மிஞ்சியது. அடுத்த வருஷம் அதே குண்டான் தட்டுத்தடுமாறி வரிசையின் கடைசி ஆள்வரை போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வருஷம் பாதி வரிசையிலேயே கரண்டி அடியைச் சுரண்டியது. மீதிப் பேருக்கு எதிர்க்கடையில் பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, இயேசு பிறந்ததைப் பற்றி ஒரு பாட்டும் பாடிவிட்டு வந்தோம். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் எங்கள் பாட்டைக் கேட்ட விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சூப்பிரண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தப்பா நெனைக்காதீக டீச்சர். பெருசுக எப்பவும் இருக்கிற அளவுதான். இளவட்டந்தான் வருசா வருசம் கூடிக்கிட்டே போகுது. இந்த வயசுல வயிறு என்ன கேக்கும்னு ஒங்களுக்குத் தெரியாததா? அடுத்த வருசம் கொஞ்சம் சேத்தே வடிச்சுக் கொண்டாங்க.”

எனவே நாலாம் வருஷத்துக்கு ஒரு கல்யாண அண்டா வேண்டும் என்று முடிவாயிற்று. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் அப்படி ஒரு பித்தளை அண்டா இருந்தது. அந்த வீட்டு ஆச்சி சென்னையில் இருந்தார்கள். கல்யாணம் காட்சி என்றால்தான் வந்து வீட்டைத் திறப்பார்கள். போனில் கேட்டேன். “சும்மாதானே கெடக்கு, தாராளமா எடுத்துக்கிருங்க” என்றார்கள். இந்த அண்டாவை வாசகர் மறந்துவிடக் கூடாது. பின்னால் அது கைதாகப் போகிறது.

இளவட்டங்கள் ஏன் கூடுகிறார்கள் என்பதற்கு எங்கள் ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பங்குச் சாமியார் எல்லாவற்றுக்கும் கேபிள் டிவியைக் காட்டினார். மளிகைக்கடைக்காரர், பையன்கள் பேண்ட் போட ஆரம்பித்த நாளிலிருந்துதான் கெட்டது என்றார். தபால் ஆபீஸில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், மஞ்சுவிரட்டு முடிந்த வாரத்திலும் தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் போலீசுக்குச் சுறுசுறுப்பு கூடுவதுதான் காரணம் என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். நான் யாரையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் முடிவு ஒன்றுதான்: வளர்ப்பு சரியில்லை. அதை மகளிர் தின விழாவில் அரைமணி நேரம் பேசினேன். “பெற்றவர்கள் கவனிக்காத பிள்ளையை ஜெயில் கவனித்துக்கொள்ளும்” என்று நான் முடித்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள்.

நான் மானகிரிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஒரு வேப்பமரம். கையில் எப்போதும் ஒரு அடிஸ்கேல் இருக்கும், அதை நான் பெரும்பாலும் கோடு போடத்தான் பயன்படுத்தினேன். என் சேர்க்கைப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் ஒன்று கிடையாது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்மா” என்றார். அதில் எனக்கிருந்த கர்வத்தை மறைக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை.

அந்தப் பதிவேட்டின்படி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் மே மாதத்தில் பிறந்தவர்கள்.

இது எப்படி என்று சொல்கிறேன். ஜூனில் பள்ளி திறக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றை அந்தக் காலத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பிள்ளை எப்போது பிறந்தது என்று தாயைக் கேட்டால், “பெரிய மழை பெஞ்சு கம்மா ஒடைஞ்சுச்சே, அப்ப” என்பாள் ஒருத்தி. “எங்க செவலப்பசு கன்னு போட்ட மறுவாரம்” என்பாள் இன்னொருத்தி. “பெரிய மழைக்கும் பசுமாட்டுக்கும் இங்க கட்டம் இல்ல தாயி, தேதி சொல்லு” என்பேன் நான். அவளுக்குத் தேதி தெரியாது. பிறகு பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வேன். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம். தொட்ட பிள்ளைக்கு மே மாதத்தில் ஒரு தேதி போடுவேன். எல்லாருக்கும் ஒரே தேதி போட்டால் அசிங்கமாக இருக்கும் என்று, முப்பத்தோரு நாளையும் வீட்டுக்கு வீடு நியாயமாகப் பங்கிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம் சேர்க்கையில் ஒரு தலை குறைந்தது. ஒரு தலை குறைந்தால் இரண்டாவது ஆசிரியர் பணியிடத்தை எடுத்துவிடுவார்கள், ஐந்து வகுப்பையும் நான் ஒருத்தியே மேய்க்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து என் தெருவிலிருந்து ஒருத்தி மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்யும் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவள். காரையும் சாயமும் இருக்கிற இடத்தில் பிள்ளையை விட முடியவில்லை, பள்ளியில் சத்துணவும் போடுகிறார்கள், சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

“எப்பப் பொறந்தான்?”

“ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்? ஒங்க சின்னப் பாப்பாவுக்குத் தண்ணி ஊத்துன அன்னிக்குத்தான்.”

தெரியும். நன்றாகத் தெரியும். என் இளைய மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த விருந்துக்கு அவள்தான் வெங்காயம் உரிக்க வந்தாள். பாதிக் கூடை உரித்திருப்பாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன். பொங்கல் கழிந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கணக்குக்குப் பையனுக்கு நாலரை வயதுகூட ஆகவில்லை. அவனுக்கு ஒரு மாதம் மூத்தவளான என் மகளை, “நாலு வயசுப் பிள்ளையைப் போய் யாராவது பள்ளிக்கூடத்துல போடுவாகளா?” என்று வீட்டில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஆனால் பையனுடைய கை இருக்கிறதே, அது அவன் வயதுக்குச் சம்பந்தமில்லாத கை. காதைத் தொடச் சொன்னால் காதைத் தாண்டிப்போய்க் கன்னத்தைச் சொறிந்தான். சட்டப்படி தொட்டுவிட்டான், நான் என்ன செய்வது? அவன் பிறந்ததற்கு முந்தின வருஷத்து மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டேன். எட்டு மாதம் சும்மா கொடுத்திருக்கிறேன். எழுதி முடித்த பிறகு மனசு உறுத்தியது. அந்த உறுத்தலைச் சமாதானப்படுத்த, கடைசியில் இருந்த ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் என் அழகான கையெழுத்தில் இரண்டு வார்த்தை எழுதினேன்: கை நீளம்.

பிற்காலத்தில் யாராவது கேட்டால் விளக்கம் சொல்ல வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படியே ஒருவர் கேட்கவும் செய்தார்.

அவன் ஐந்து வருஷம் என்னிடம் படித்தான். படிப்பு சுமார். ஆனால் சொன்ன சொல்லைத் தட்டாதவன். “நான் வரச் சொல்லும்வரைக்கும் எடத்த விட்டு அசையக் கூடாது” என்பது என் பள்ளியின் முதல் விதி. மற்றப் பிள்ளைகள் நான் முதுகைத் திருப்பும்வரை அதைக் கடைப்பிடித்தார்கள். இவன் மட்டும் ஒருமுறை நான் மறந்து வீட்டுக்குப் போய்விட்டதில் வேப்பமரத்தடியில் நின்றபடியே நின்றான், சத்துணவு ஆயா பார்த்து அனுப்பிவைத்தாள். எட்டாவதோடு நின்று, அம்மாவோடு பட்டறைக்கே வேலைக்குப் போனான்.

தொண்ணூறுகளின் நடுவில், அண்டா கேட்டுவைத்த அந்த நாலாம் வருஷத்துக் கார்த்திகை மாதம். வெளியூரிலிருந்து பழைய சாமான் வாங்க வந்த இரண்டு பேர், கண்டனூர்ப் பெரிய வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். பின்பக்கச் சன்னலுக்கும் பின்வாசல் கதவின் உள்தாழ்ப்பாளுக்கும் நடுவில் நல்ல தூரம். சாதாரணக் கை எட்டாது. டீக்கடையில் இவன் கையைப் பார்த்திருக்கிறார்கள். “வீட்டுச் சாவி தொலஞ்சுபோச்சு தம்பி, கொஞ்சம் தாப்பாளைத் தூக்கிவிடு” என்று கூட்டிப்போனார்கள். பட்டப்பகல், காவல்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம். இவன் கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினான். உள்ளே போனவர்கள் சின்னதாக எதையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆசை யாரை விட்டது? அண்டாவைத் தூக்கினார்கள். வீட்டின் முகப்பு வழியாக உள்ளே கொண்டுவந்து வைத்த அண்டா அது, பின்வாசல் வழியாகப் போகாது. பாதியில் சிக்கிக்கொண்டது. காவல்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும், “இந்தா, இதப் பிடிச்சுக்கிட்டு நில்லு, நாங்க வந்துர்றோம்” என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் அங்குட்டுப் போனவர்கள்தான்.

இவன் பிடித்துக்கொண்டு நின்றான். காவல்காரர் வந்தபோதும் நின்றான். கூட்டம் கூடியபோதும் நின்றான். போலீஸ் வந்து கையை எடு என்று சொன்ன பிறகுதான் எடுத்தான். என் பள்ளியில் கற்ற ஒழுக்கம் வாழ்க்கையில் ஒருவனுக்குப் பயன்பட்டதை நான் நேரில் அறிந்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் ஏட்டையா பள்ளிக்கு வந்தார். பையனைப் பார்த்தால் வயது சந்தேகமாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம், பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் காலத்துச் சட்டப்படி பதினாறு முடியாத பையனைச் சிறையில் போடக் கூடாது. நான் பெருமையோடு பதிவேட்டை எடுத்து வைத்தேன். அவர் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போனார்.

“பதினாறரை ஆகுதே. அப்பச் சரி.” விரல் கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. ஏட்டையாவின் முகம் மலர்ந்தது. “அடேங்கப்பா! டீச்சர், ஒண்ணாப்புலயே கண்டுபிடிச்சு எழுதியிருக்கீகளே!”

“ஐயையோ, அது அந்தக் கை நீளம் இல்லீக.”

“எந்தக் கை நீளமா இருந்தா என்ன டீச்சர், ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான போகுது?”

நான் காது, தலை, கன்னம் என்று விளக்க விளக்க அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த அறிக்கையின் நகலைப் பார்த்தேன். ‘மேற்படி நபர் பால்ய வயது முதலே கை நீளம் உள்ளவர் எனப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களால் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்டுள்ளது.’ நான் எழுதிய எழுத்து ஒன்று அரசாங்கக் காகிதத்தில் அச்சேறியது அதுவே முதல்முறை. பையன் பெரியவர்களோடு கிளைச்சிறைக்குள் போனான்.

அன்று சாயங்காலம் அவனுடைய அம்மா என் வீட்டுக்கு வந்தாள். விரலிடுக்கில் பச்சைச் சாயம் கழுவாமல் அப்படியே இருந்தது. பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன் என்று எழுதவே பிடிக்கவில்லை. வளர்ப்பைப் பற்றி ஆரம்பித்தேன். மகளிர் தினப் பேச்சின் இரண்டாம் பத்திவரை வந்துவிட்டேன். அவள் குறுக்கிட்டாள்.

“பெரியாளுகளோட போட்டுட்டாகளாம் டீச்சர். அவனுக்குப் பதினாறு ஆகலீக. அது ஒங்களுக்குத் தெரியும்ல?”

என் இளைய மகள் ரிப்பனை அவிழ்த்துப் போட்டுவிட்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். “அவனுக்கும் எனக்கும் ஒரே வயசுதானேம்மா? எனக்கே இன்னும் பதினாறு ஆகலையே” என்றாள், வாயில் முறுக்கோடு. நான் அவளை உள்ளே போகச் சொன்னேன். முறுக்குச் சத்தம் உள்ளேயிருந்தும் கேட்டது.

காரைக்குடியில் ஒரு இளம் வக்கீலைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் பையனின் எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருந்தார்கள். பதினைந்தாகவும் இருக்கலாம், பதினாறாகவும் இருக்கலாம் என்று டாக்டர் ஜாக்கிரதையாக எழுதியிருந்தார். “இனிமே நீங்க சொல்றதுதான் டீச்சர். பதிவேட்டுல போட்டது தப்புன்னு நீங்களே கோர்ட்டுல ஏறிச் சொல்லணும். சொன்னா வெளிய வந்துருவான். சொல்லலைன்னா அவன் பெரியாளு” என்றார் வக்கீல்.

அரசாங்கப் பதிவேட்டில் தெரிந்தே பொய் எழுதினேன் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதைவிட, அடித்தல் திருத்தல் இல்லாத என் பதிவேடு பொய்ப் பதிவேடு என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். அது எங்கள் வீட்டில் அபூர்வம். “பள்ளிக்கூடத்துல ஒரு தலை கூட வேணும்னு எழுதுன. இப்ப அந்தத் தலை ஜெயில்ல கூடிருச்சு. வளர்ப்பு வளர்ப்புன்னு பேசுறியே, பயலை எட்டு மாசம் சேத்து வளத்தது யாரு?” என்றார். நான் எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்து மகளின் ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடினேன்.

கோர்ட்டில் நல்ல கூட்டம். அரசுத் தரப்பு வக்கீல் என் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டார்.

“கை நீளம்னு எழுதினது நீங்கதானே?”

“ஆமாங்க. பார்த்துத்தான் எழுதினேன்.”

“எதைத் திருடினதைப் பார்த்து?”

“கையைப் பார்த்துங்க.”

பின்வரிசையில் சிரிப்பு. நீதிபதி வெளி மாவட்டத்துக்காரர், மேசையைத் தட்டிவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். நான் சொன்னேன். சொல்வதைவிடச் செய்துகாட்டுவது எளிது என்று, முப்பது வருஷப் பழக்கத்தில் கூண்டில் நின்றபடியே வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டேன். அடுத்த கணம் அந்த அறையில் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். குமாஸ்தா தொட்டுப் பார்த்தார். டவாலி தொட்டுப் பார்த்தார், தலைப்பாகை இடித்தது. வாய்தாவுக்கு வந்திருந்த கிழவர் ஒருவர் தொட்டுவிட்டுப் பக்கத்து ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பதிவேடு பார்க்க வந்த ஏட்டையாவுக்குப் புஜம் பெருத்துவிட்டதால் எட்டவில்லை, மறுகையால் முழங்கையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்வது போலக் கையைத் தூக்கினார். கண்ணாடியைச் சரிசெய்யக் கை அவ்வளவு தூரம் சுற்றிப்போக வேண்டியதில்லை.

பையனைச் செய்யச் சொன்னார்கள். அவன் கை தலையைச் சுற்றி வந்து சட்டைக் காலரைப் பிடித்தது. பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையை இறக்கு என்று நான் சொல்லவில்லையே.

“எறக்குப்பா” என்றேன்.

நீதிபதி என்னை நேராகப் பார்த்தார். “அப்படியானால் இந்தப் பதிவேட்டில் நீங்கள் எழுதிய பிறந்த தேதி பொய்யா?”

அவர் அதைக் கோபமாகக் கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். “பொய்தாங்கய்யா. பொய்னு தெரிஞ்சே எழுதினேன். எனக்கு ஒரு தலை குறைஞ்சுச்சு” என்றேன். பிறகு சான்றிதழை நீட்டினேன்.

அவர் படித்தார். “இது உங்கள் மகளுடையதல்லவா?”

“ஆமாங்கய்யா. அன்னிக்கு வெங்காயம் உரிச்சது இவனோட அம்மா. பாதிக் கூடையில வலி எடுத்துருச்சு. மீதியை நான்தான் உரிச்சேன்.”

வெங்காயம் சாட்சி சொல்லி ஒரு வழக்கு முடிந்தது எங்கள் பக்கம் அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. பதினாறு முடியவில்லை என்று ஏற்றுக்கொண்டு, சிறையிலிருந்து எடுத்துச் சிறுவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப உத்தரவு போட்டார்கள். அங்கே பையனை எச்சரித்துத் தாயாரிடம் ஒப்படைத்தார்கள். எனக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. வேலை போகவில்லை. என் பணிப்பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் ‘கண்டிக்கப்பட்டார்’ என்று ஒரு வார்த்தை ஏறியது. கையெழுத்து சுமார்தான்.

வெளியே வராதது அண்டா மட்டும். வழக்குச் சொத்து என்று கயிறு கட்டி, அட்டை தொங்கவிட்டு, கோர்ட்டில் ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பழைய குண்டானோடு வீடு வீடாகக் கேட்டு வாங்கிய சட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கிளைச்சிறைக்குப் போனோம். என் டிபன் பாக்ஸில் ஊறுகாய்.

சூப்பிரண்டு வாசலிலேயே சிரித்தார். “இந்த வருசம் இளவட்டத்துல ஒண்ணு கம்மி டீச்சர். ஒங்க புண்ணியம்.”

வரிசை வந்தது. நான் மூன்று வருஷமாக அந்த வரிசைக்குச் சோறு போட்டிருக்கிறேன், தட்டைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு தட்டு நகராமல் நின்றது. நிமிர்ந்தேன். மீசை அரும்பாத ஒரு பையன், இடது கையில் தட்டு. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதைத் தொட்டான்.

“தொட்டுட்டேன் டீச்சர்” என்றான்.

வார்டன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோர்ட்டுக் கதை உள்ளேவரை வந்திருக்கிறது. அவனுக்குப் பின்னால் நின்றவனும் கையைத் தூக்கினான். அவனுக்கும் பின்னால் ஒருவன். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லை, வேறு வேறு ஊர், வேறு வேறு தலைமையாசிரியர்கள். வரிசையில் இளவட்டம் அத்தனையும் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் காதுமாக நின்று கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

“எப்படா பொறந்த?” என்று முதல் பையனைக் கேட்டேன்.

“மே மாசம் டீச்சர்.”

அடுத்தவனைக் கேட்டேன். மே மாதம். அதற்கடுத்தவன், ஜூன் ஒண்ணு. அவனுக்குப் பின்னால் இருந்தவனும் மே. அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாருக்கும் நாங்கள் தேதி தப்பாகத்தான் போட்டிருப்போம் என்று சொல்ல மாட்டேன். சரியாகப் போட்டிருப்போம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

கரண்டியைப் பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கொடுத்துவிட்டு, சூப்பிரண்டிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். தருவதற்கு யோசித்தார், பிறகு தந்தார். குண்டான் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்துக்கொண்டேன்.

“மே மாசம் இருக்கட்டும்ப்பா,” என்றேன் முதல் பையனிடம். “நீ எப்பப் பொறந்தேன்னு ஒங்க அம்மா என்ன சொல்லும்?”

அவன் காதிலிருந்து கையை எடுத்தான். கொஞ்சம் யோசித்தான்.

“பெரிய மழை பெஞ்சு கம்மா ஒடைஞ்சுச்சாம் டீச்சர். அன்னிக்காம்.”

‘பெரிய மழை’ என்று எழுதினேன்.